ஜனவரிக் கண்காட்சிக்குத் தறியை எப்போது கட்டுவது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் பதினெட்டுப் பேர் சேர்ந்து நூற்புக்கும் நெசவுக்கும் ஒரு கைவினைச் சங்கம் நடத்துகிறீர்கள். ஜனவரி கடைசியில் இரண்டு நாள் கண்காட்சி. கையில் ஆறு ராட்டை, சில தக்ளி (கையால் சுழற்றி நூற்கும் கதிர்), மடியில் வைத்து நெய்யும் சின்னச் சட்டங்கள், கடனாக வரப்போகும் ஒரு பெரிய சட்டத் தறி இருக்கின்றன. வேலையை எப்போது தொடங்குவது, என்னென்ன வைப்பது, விலைச்சீட்டில் ‘கதர்’, ‘இயற்கைச் சாயம்’ என்று எழுதலாமா, புதுச்சேரித் துணி வரலாற்றுக்கு ஒரு பலகை வைத்தால் அதில் எதை நம்பி எழுதலாம் என்று முக்கியமாக நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, “போன வருடம் வந்தவர்கள் விலை கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்” என்று. நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று நினைக்கிறேன். துணி பார்க்க வருகிறவரை வேலையைப் பார்க்க நிற்க வைப்பது எப்படி என்பதுதான் கேள்வி. மற்ற நான்குக்கும் பதில் அதிலிருந்தே வரும்.

நான் சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பம் படித்துவிட்டு, கடலூர் மாவட்டத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் 26 வருடம் வேலை பார்த்தவன். பெரும்பாலும் கைலி, துண்டு, வேட்டி. எனக்குத் தெரிந்தது பருத்தி. கம்பளி நூற்பு பற்றி நான் சொல்வதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பட்டும் பார்த்திருக்கிறேன், ஆனால் கையில் பழகியதில்லை. வரலாறு நான் படித்துத் தெரிந்துகொண்டது, அதற்கு அந்த அளவு மதிப்புக் கொடுங்கள்.

சரி, முதலில் தறி. கண்காட்சியில் மற்ற எதுவும் கடைசி வாரத்தில் ஒப்பேற்றிவிடக் கூடியது. தறி அப்படி இல்லை. பல வருடம் முன்பு ஒரு கண்காட்சிக்கு எங்கள் பக்கத்திலிருந்து தறி கொண்டுபோனோம். குளிரூட்டிய மண்டபம், நல்ல வெளிச்சம், நுழைந்ததும் எதிரில் இடம். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூல், முதல் நாள் இரவுதான் ஏறியது. காலையில் அமைச்சர் வருவதற்குள்ளேயே இழை அறுந்தது. ஒன்றுக்கு முடிச்சுப் போட்டால் பக்கத்தில் இரண்டு போகும். கஞ்சி போட்ட ஒற்றை நூல் அந்தக் குளிர்ந்த காய்ந்த காற்றில் வறட்டி மாதிரி ஆகிவிட்டது, இழைகளைத் தூக்கி இறக்கும் கண்ணிகளான விழுது ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உரசி உடைந்தது. நெய்ய உட்கார்ந்தவர் நாற்பது வருடம் தறியில் இருந்த பெரியவர். இரண்டு நாளும் குனிந்து நூல் முடிந்துகொண்டே இருந்தார். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் ஓடம் ஓடியதை யாரும் பார்க்கவில்லை. ஒரு பள்ளிக்கூடப் பையன் தன் டீச்சரிடம், “இவர் நூலுக்கு முடிச்சுப் போடுறவரா மிஸ்?” என்று கேட்டான். பெரியவர் காதில் அது விழுந்தது. அன்று சாயங்காலம் அவர் சாப்பிடவில்லை. அதிலிருந்து, நான் பொறுப்பேற்ற எந்தக் கண்காட்சியிலும் ஒரு முழத் துணியாவது நெய்து பார்க்காத தறியை மண்டபத்துக்குள் விட்டதில்லை.

பருத்தி நூல் ஈரப்பதத்தில்தான் பலமாக இருக்கும். காய்ந்தால் பலம் குறையும், கஞ்சியும் மொறுமொறுவென்று உதிரும். குழித்தறியைத் தரையோடு வைத்து, வீட்டுக்குள் கொஞ்சம் இருட்டாகவும் ஈரமாகவும் வைத்திருந்ததற்கு இதுதான் காரணம். அதனால் மண்டபம் குளிரூட்டியது என்றால், தறி இருக்கும் மூலையில் காற்று நேரே அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாவுக்கு அடியில் ஒரு நனைத்த கோணிச் சாக்கை விரித்து வையுங்கள், மத்தியானம் ஒருமுறை மறுபடி நனையுங்கள். செலவே இல்லாத வைத்தியம் இது, வேலை செய்யும்.

இன்னொரு பக்கம், நீங்கள் தயாராகப் போகும் மாதங்கள் அக்டோபர், நவம்பர், டிசம்பர். நம் கரைக்கு அதுதான் மழைக்காலம். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து வெயிலில் ஆற்றுகிற பேச்சே கிடையாது. போட்டாலும் காயாது, ஒட்டும், நாலு நாளில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே கஞ்சியே வேண்டாத நூலை எடுங்கள். இரட்டை முறுக்கு நூல், 2/40 என்று கேட்டால் தருவார்கள். இரண்டு 40-ஆம் நம்பர் இழைகளைச் சேர்த்து முறுக்கியது, தடிமனில் 20-ஆம் நம்பருக்குச் சமம். நம்பர் கணக்கு உங்களில் சிலருக்குப் புதிதாக இருக்கலாம்: ஒரு சிட்டம், அதாவது ஒரு நூல் சுருள், 840 கெஜம், ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் ஏறுகிறதோ அதுவே நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும்.

30 அங்குல அகலம் போதும். அங்குலத்துக்கு 40 இழை வைத்தால் 1200 இழை. அச்சு என்பது பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு, அதில் 40-ஆம் நம்பர் வாங்குங்கள். அதாவது 2 அங்குலத்துக்கு 40 பல், பல்லுக்கு 2 இழை. துணி கொஞ்சம் தளர்வாகத்தான் வரும், ஆனால் பழகாத கைக்கு நெருக்கமான பாவைவிட அது நல்லது. நீளம் 8 மீட்டருக்கு மேல் வேண்டாம். வருகிறவர்களிடம் பேசிக்கொண்டே நெய்தால் ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர்தான் ஓடும். முன்னும் பின்னும் கழிவு ஒரு மீட்டர், ஒத்திகைக்கு ஒன்றிரண்டு மீட்டர். 1200 இழை 8 மீட்டருக்கு 9,600 மீட்டர் நூல். 2/40-இல் ஒரு கிராமுக்குக் கிட்டத்தட்ட 34 மீட்டர் வரும், அப்படியானால் ஏறக்குறைய 285 கிராம். அறுந்தது சிக்கியது எல்லாம் சேர்த்துப் பாவுக்கு அரைக் கிலோ வாங்கிவிட்டால் திண்டாட வேண்டியதில்லை.

பாவை வெள்ளையாகவும் ஊடையை, அதாவது குறுக்கு நூலை, நல்ல அடர்நீலமாகவும் வையுங்கள். நெசவு தெரியாதவருக்குப் பத்தடி தள்ளி நின்றாலே எந்த நூல் நிற்கிறது, எது குறுக்கே போகிறது என்று தெரிந்துவிடும். ஒரே நிறத்தில் நெய்கிற தறி, பார்க்கிறவர் கண்ணுக்குத் துணியாகத்தான் தெரியும், நெசவாகத் தெரியாது.

1200 இழையை விழுதில் கோத்து அச்சில் இழுப்பதற்குப் பழகியவர் இரண்டு பேர் இருந்தால் அரை நாள். உங்கள் சங்கத்தில் பழகாதவர்கள்தான் செய்வார்கள் என்றால் மணிக்கு 150 இழை என்று வையுங்கள், விழுதுக்கு மட்டுமே 8 மணி நேரம், அச்சுக்கு இன்னும் 4. ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். மூன்றாவது மணிக்கு மேல் கண் தவறும், ஒரு இழை மாறிக் கோத்தால் துணி முழுக்கக் கோடு விழும். டிசம்பர் முதல் வாரத்துக்குள் பாவு தறியில் ஏறிவிட வேண்டும். அப்புறம் ஒரு முழம் நெய்யுங்கள். மிதிக்கட்டைக் கயிறு நீளம், பாவு இழைகள் பிரிந்து வாய் திறக்கும் அளவு, ஓடம் தடம் புரளாமல் போகிறதா என்பதெல்லாம் அந்த ஒரு முழத்தில்தான் சரியாகும். மழையில் கயிறு உப்பிச் சுருங்கும், மரம் ஊதும். வெயில் வந்ததும் மறுபடி தளரும். ஜனவரி முதல் வாரத்தில் இன்னொரு முறை இழுத்துக் கட்டுங்கள். கொண்டுபோகும்போது பாவை அறுக்காதீர்கள். விழுதையும் அச்சையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, நெய்த துணி சுற்றும் படைமரத்தையும் பாவு உருளையையும் எதிரெதிரே சுற்றிக்கொண்டு வந்து, மூன்றையும் ஒரு பழைய போர்வையில் சுருட்டினால் ஒரு ஆட்டோவில் போய்விடும். மண்டபத்தில் சட்டத்தைப் பூட்டியதும் ஒரு கயிற்றால் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவாக இருக்க வேண்டும், விரல் அளவு வித்தியாசம் இருந்தாலும் துணி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். டைல்ஸ் தரையில் தறி நகரும், நான்கு காலுக்கும் அடியில் சாக்கு மடித்து வையுங்கள்.

கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் என்பதால் அச்சைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்பு அச்சு நம் உப்புக்காற்றில் ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைப் பாவில் ஏற்றிய பிறகு பல்லுக்குப் பல் மஞ்சள் கோடு விழும், லேசில் போகாது. வாங்கியதும் காய்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் தடவிய காகிதத்தில் சுற்றி வையுங்கள். கோப்பதற்கு முன் எண்ணெயை நன்றாகத் துடையுங்கள். துருப்பிடிக்காத எஃகு அச்சு கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்கிவிடுங்கள்.

இனி நூற்பு. உங்களிடம் உள்ள பெரிய செல்வம் அந்த ஆறு ராட்டைதான், தறிகூட அடுத்ததுதான் என்பேன். ஏனென்றால் தறியில் வருகிறவரை உட்கார வைக்க முடியாது, தக்ளியை அவர் கையிலேயே கொடுக்கலாம். ஐந்து நிமிடம் நூற்க முயன்று, இழை மூன்று முறை அறுந்து, நாலாவது முறை ஒரு சாண் நூல் வந்துவிட்டால் அவர் விலை கேட்கிற ஆளாக இருக்கமாட்டார். அந்த ஒரு சாண் நூலை ஒரு அட்டையில் சுற்றி அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

பக்கத்தில் ஒரே ஒரு கணக்கை மட்டும் பெரிதாக எழுதி வையுங்கள். ஒரு கைத்துண்டு, அரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீளம். சென்டிமீட்டருக்கு 12 இழை என்றால் பாவில் 600 இழை, கழிவோடு இழைக்கு ஒன்றரை மீட்டர், அது 900 மீட்டர். ஊடைக்கு 1,200 ஓட்டம், மடக்கம் சேர்த்து ஓட்டத்துக்கு 55 சென்டிமீட்டர், அது 660 மீட்டர். மொத்தம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். ஓரளவு பழகியவர் பெட்டி ராட்டையில் மணிக்கு 200 மீட்டர் நூற்றால், நூலுக்கு மட்டும் ஏறக்குறைய 8 மணி நேரம். நெசவு அப்புறம். இந்தக் கணக்கு ராட்டைக்குப் பக்கத்தில் இருந்தால், துண்டின் விலைச்சீட்டை யாரும் இரண்டாவது முறை திருப்பிப் பார்க்கமாட்டார்கள்.

பஞ்சுக்குக் கருங்கண்ணி கிடைத்தால் கொஞ்சம் வாங்கிக் காட்டுங்கள். நம் நாட்டு ரகம், இழை குட்டை, மெல்லிய நூலுக்கு ஆகாது, ஆனால் கைக்கு நன்றாகப் பேசும். பழகாத கைகளுக்கு நீள இழைப் பஞ்சின் பட்டையை, அதாவது நூற்பதற்காகத் திரட்டிய பஞ்சுச் சுருளை, கொடுங்கள். எந்தப் பஞ்சானாலும் மழைக்காலத்தில் மூடி இறுக்கமான டின்னில் வைக்க வேண்டும். ஈரம் ஏறிய பட்டை விரலில் வழுக்காமல் கட்டி கட்டியாக வரும், நூற்கிறவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துவிடுவார். பல கதிர் கொண்ட ராட்டையான அம்பர் சர்க்கா யாரிடமாவது இருந்தால் இரவல் கேளுங்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கியது, அவர் பெயரிலிருந்துதான் அம்பர் என்று வந்தது. ஒற்றைக் கதிர் ராட்டைக்கும் ஆலைக்கும் நடுவே மனிதர் எப்படியெல்லாம் யோசித்தார்கள் என்பதை அந்த ஒரு பொருள் காட்டிவிடும்.

உங்கள் உறுப்பினர்கள் நூற்ற நூலைப் பாவில் போடாதீர்கள். பாவு நூல் இழுப்பையும் உரசலையும் தாங்க வேண்டும், புதுக்கையின் நூலில் மெலிந்த இடம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஊடையில் போடுங்கள், முண்டும் முடிச்சும் அழகாகவே தெரியும். சிட்டமாக எடுத்து வெந்நீரில் நனைத்து, அடியில் கனமாக ஏதாவது தொங்கவிட்டுக் காயவைத்தால் முறுக்கு நிலைக்கும்.

அடுத்து, மேசைகளில் என்ன வைப்பது. இதற்கு உங்கள் ஊரிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1734 வாக்கில் போலியூ என்ற பிரெஞ்சுக் கப்பற்படை அதிகாரி புதுச்சேரியில் துணிக்குச் சித்திரச் சாயம் போடுகிறவர்களின் வேலையை உட்கார்ந்து பார்த்து எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அந்தத் துணியிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்து வைத்தார். அந்தத் துண்டுகள் இன்றும் பாரிஸில் இருக்கின்றன. கடுக்காய் ஊறியது, படிகாரம் எழுதியது, சாயவேரில் கொதித்துச் சிவந்தது, மெழுகு பூசி நீலத்தில் முக்கியது என்று வரிசையாகப் பார்த்தால், அந்தத் தொழில் தெரியாதவருக்கும் துணி எப்படி உருவானது என்று புரியும். சில வருடம் கழித்து 1742-இல் கூர்தூ என்ற பாதிரியாரும் இதே வேலையை ஒரு நீண்ட கடிதத்தில் விவரித்தார். ஆனால் என் மனதில் நிற்பது போலியூ வெட்டி எடுத்த அந்தத் துண்டுகள்தான்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். இன்றைக்கே தொடங்கலாம். விதையோடு பருத்திக்காய், விதை நீக்கிய பஞ்சு, வில்லால் அடித்து உதிர்த்தது, பட்டை, கதிரில் ஏறிய நூல், சிட்டம், நனைத்துக் காய்ந்தது, சாயம் ஏறியது, ஓடத்துக்குள் வைக்கும் தாரில் சுற்றியது, நெய்த துணி, துவைத்த பிறகு அதே துணி. ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து வைத்துவிடுங்கள். முடிந்த பிறகு தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு பிடிக்கும் கீழே அதைச் செய்தவர் பெயர், எடுத்துக்கொண்ட நேரம், அவ்வளவுதான். துவைப்பதற்கு முன்னும் பின்னும் என்று இரண்டு துண்டு வைக்க மறக்காதீர்கள். தளர்வாக நெய்தது தண்ணீர் பட்டதும் எப்படிக் கூடி வருகிறது என்பதை விரலால் தொட்டுப் பார்க்கிறபோது பெரியவர்களே ஆச்சரியப்படுவார்கள்.

நீலம் தோய்த்துக் காட்ட ஆசை என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாகச் செய்யுங்கள், அதைவிடக் கூட்டம் சேர்க்கும் காட்சி இல்லை. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. காரத்தில், காற்றில்லாமல் புளிக்க வைத்தால்தான் கரையும், அப்போது அது நீலமே அல்ல, மஞ்சள் கலந்த பச்சை. நம் பக்கத்தில் அந்தத் தொட்டிக்குச் சுண்ணாம்பும் தகரை விதையும் போடுவார்கள். சிட்டத்தை முக்கி வெளியே எடுத்துப் பிழிகிற அந்த நேரத்தில் நூல் பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் மேலிருந்து நீலம் இறங்கி வரும், ஓரிரு நிமிடத்தில் முழுச் சிட்டமும் நீலம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். புளித்த தொட்டி பக்குவத்துக்கு வர நாட்கள் ஆகும், ஜனவரிக் குளிரில் இன்னும் தாமதமாகும். பத்து நாள் முன்பே வைத்துத் தினமும் பாருங்கள். வாடை பலமாக அடிக்கும், மண்டபத்துக்குள் வேண்டாம், வாசலில் வையுங்கள். சுண்ணாம்புத் தண்ணீர் கையைப் புண்ணாக்கும், குழந்தைகளை ஒரு கயிற்றுக்கு அப்பால் நிறுத்துங்கள்.

விலைச்சீட்டுக்கு வருகிறேன். இதில் உறுதியாகச் சொல்லக் கூடியவை சில. கதர் என்றால் கையால் நூற்ற நூலைக் கையால் நெய்த துணி, 1956-ஆம் ஆண்டுக் கதர் கிராமத் தொழில் ஆணையச் சட்டமே அப்படித்தான் வரையறுக்கிறது. உங்கள் பாவு ஆலை நூல், ஊடை மட்டும் கைநூல். ஆகவே அது கதர் இல்லை. முழுக்கக் கைநூலாக இருந்தாலும், 2013-இல் வந்த கதர் முத்திரை விதிகளின்படி சான்று இல்லாமல் அந்தப் பெயரில் விற்கக் கூடாது. “ஊடை எங்கள் சங்கத்தில் கையால் நூற்றது, பாவு ஆலை நூல், கைத்தறியில் நெய்தது” என்று நேராக எழுதிவிடுங்கள். இதைவிட மதிப்பான சீட்டு இல்லை. கைத்தறி முத்திரை 2006-இல் வந்தது, அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அது இல்லாமல் அந்தச் சின்னத்தை மட்டும் அச்சடித்து ஒட்டாதீர்கள்.

கைத்தறியா விசைத்தறியா என்று துணியின் கரையில் ஊசித்துளை பார்த்துச் சொல்லிவிடலாம் என்பார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. துணியை விரித்துப் பிடிக்கும் கருவி விசைத்தறியிலும் தடம் விடும், துவைத்த பிறகு கைத்தறியிலும் துளை மறைந்துவிடும். நான் பார்க்கிற முறையில் பத்துக்கு ஏழெட்டு சரியாகச் சொல்வேன், மீதியைத் தறியைப் பார்த்தால்தான் சொல்வேன். நீலத்தில் இன்னும் சிக்கல். அவுரியிலிருந்து எடுத்த நீலமும் 1897-இலிருந்து தொழிற்சாலையில் வருகிற நீலமும் வேதியியலில் ஒரே பொருள். மேசையில் வைத்துத் தேய்த்தோ முகர்ந்தோ யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் நீங்களே அவுரி வாங்கித் தொட்டி வைத்துத் தோய்த்ததற்கு மட்டும் ‘அவுரி நீலம்’ என்று எழுதுங்கள். கடையில் சாயமேற்றி வாங்கிய நூலுக்கு ‘நீலம்’ போதும்.

வரலாற்றுப் பலகை. புதுச்சேரியின் நீலத்துணி, பிரெஞ்சில் கினே என்று பெயர் பெற்றது, மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குக் கப்பலில் போய், அங்கே கோந்து வியாபாரத்தில் காசு மாதிரியே புழங்கியது. இது உறுதி, தைரியமாக எழுதலாம். கடலூரில் 1690-இல் கோட்டையை வாங்கிய ஆங்கிலக் கம்பெனிக்கும் துணிதான் பெரிய சரக்கு, அதையும் எழுதலாம். புதுச்சேரிக்குப் பக்கத்து அகழாய்வு இடமான அரிக்கமேட்டில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது செங்கல் தொட்டிகளும் வடிகால்களும் கிடைத்தன. மஸ்லின் துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகளாக இருக்கலாம் என்று அவர் கருதினார். அது அவருடைய ஊகம். பலகைகளில் பல நேரம் ‘ரோமானியர் காலச் சாயத்தொட்டி’ என்று தீர்ப்பாகவே எழுதிவிடுகிறார்கள். ‘சாயத்தொட்டிகளாக இருக்கலாம் என்று வீலர் கருதினார்’ என்று எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது.

பலகையில் ஆலைகளை விட்டுவிடாதீர்கள். கைவினைக் கண்காட்சியில் ஆலைக்கு என்ன வேலை என்று உங்கள் சங்கத்தில் சிலர் கேட்கலாம். புதுச்சேரியில் நூல் என்றாலே நினைவுக்கு வருவது சவானா மில், ரோடியர் மில், பாரதி மில் இந்த மூன்றும்தான். நீலத்துணி வியாபாரம் கைத்தறியிலிருந்து ஆலைக்குப் போன கதையும் இதே ஊரில்தான் நடந்தது. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான், 1937-இல், எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. உங்கள் மண்டபத்துக்கு வருகிற வயதானவர்களில் கட்டாயம் ஒருவர் ரோடியர் மில்லில் வேலை பார்த்தவராக இருப்பார். 2020-இல்தான் அதை முழுக்க மூடினார்கள். நான் ஒரு கண்காட்சியில் பார்த்திருக்கிறேன். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் ராட்டைக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். நூற்ற பெண்ணின் இழை அறுந்ததும் கையை நீட்டி வாங்கி, பார்க்காமலே இரண்டு விரலால் உருட்டி ஒட்டிவிட்டார். ஒட்டிய இடம் தெரியவில்லை. “ரிங் ஃபிரேமில் இருபத்தெட்டு வருஷம்மா” என்றார், ஆலையின் நூற்பு இயந்திரத்தைச் சொன்னார். அந்தப் பெண் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள். ராட்டைகளுக்குப் பக்கத்தில் காலியாக இரண்டு நாற்காலி எப்போதும் போட்டு வையுங்கள்.

முத்தியால்பேட்டையிலும் குறிஞ்சிப்பாடியிலும் இன்னும் தறியில் இருப்பவர்களை அழையுங்கள். குறிஞ்சிப்பாடிக் கைலி நெய்கிற ஒருவர் வந்து கட்டம் மாறும்போது ஓடத்தை மாற்றுகிற வேகத்தைக் காட்டினால் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆனால் ‘கௌரவிக்கிறோம்’ என்று சால்வை மட்டும் போட்டு அனுப்பாதீர்கள். இரண்டு நாள் தறி நின்றால் அவருக்கு இரண்டு நாள் கூலி போகிறது. கூலியும் வண்டிச் செலவும் சாப்பாடும் முன்கூட்டியே பேசிக் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் சால்வை போடுங்கள். அவர் வீட்டில் தார் சுற்றுகிறவரையும் சேர்த்து அழையுங்கள். பெரும்பாலும் மனைவியோ அம்மாவோ. அவர்கள் பெயர் எந்தச் சீட்டிலும் வந்து நான் பார்த்ததில்லை, தார் இல்லாமல் ஓடம் ஒரு அங்குலம் நகராது.

சங்க உறுப்பினர்களுக்குள் பரிசுப் போட்டி வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் சில வருடம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். போட்டி என்றால் புதியவர்கள் தங்கள் வேலையைக் கொண்டுவராமல் இருந்துவிடுவார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம், நாலு மணி வாக்கில், நெய்தவரை எல்லோர் முன்னாலும் துணியை அறுக்கச் சொல்லுங்கள். நேரத்தை முன்பே வாசலில் எழுதி வைத்துவிடுங்கள், அதற்கென்றே கொஞ்சம் பேர் நிற்பார்கள். படைமரத்திலிருந்து சுருள் பிரிந்து வரும்போதுதான் இரண்டு நாளில் எவ்வளவு ஆனது என்று கண்ணால் தெரியும். அறுக்கும்போது அச்சுக்கு முன்னால் நான்கு விரல் விட்டு அறுத்து, இழைகளைக் கொத்துக் கொத்தாக முடிந்துவிடுங்கள். ஆர்வத்தில் யாரும் விழுதிலிருந்து நூலை உருவிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பாவை அந்த மிச்ச இழைகளோடுதான் பிணைக்க வேண்டும், அப்போது அந்தப் பன்னிரண்டு மணி நேரக் கோப்பு வேலை மறுபடி வேண்டியிருக்காது.